மரப்பும் மயக்கமும்



சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தொடையிடுக்கில் குடலிறக்கம் ஏற்பட்டது. காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் அறுவை. "மயக்க ஊசிதான், ஐயா" என்றார் தாதி. உறங்கிவிடுவேன் என்று நம்பினேன், உறங்கவில்லை. திரைக்கு அப்பால் மூத்த மருத்துவர் பயிற்சி மருத்துவருக்குக் கற்பித்த ஒவ்வொரு சொல்லும் என் செவியில் விழுந்தது. "அங்கே வேண்டாம்!" என்ற குரல் கேட்டபோது அஞ்சி நடுங்கினேன். நரம்பொன்றைக் காக்கவே அவர் அவ்வாறு தடுத்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மயக்கம் என்பது நினைவு நீங்கும் நிலை. மரப்பு என்பது உடலின் ஓரிடத்தில் மட்டும் உணர்வு குன்றும் நிலை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தமையே என் அச்சத்திற்கு வித்திட்டது.

மரப்பு மருந்தைக் கொண்டு இவ்வறுவையைச் செய்யும் முறை புதிதன்று. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1900ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எழுதியுள்ளார். பயிற்சி மருத்துவர் இதில் முதலில் கற்பது கணக்கு. அட்ரினலின் கலவாத லிக்னோகைன், உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது பொதுவான உச்ச வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். அதாவது 1 விழுக்காட்டுக் கரைசலில் 18 மில்லிலிட்டர். மருந்து செயற்படும்வரை பொறுத்திருத்தல், நரம்புகளை இனங்காணல், வலையைப் பொருத்தித் தைத்தல் ஆகியன அடுத்த பாடங்கள்.

இவற்றோடு சொல்லும் ஒரு பாடமாதல் வேண்டும். மருந்து மிகுந்தால் உதட்டைச் சுற்றி மரமரப்பும் காதில் இரைச்சலும் தோன்றக்கூடும். அவற்றை முதலில் அறிபவர் நோயாளியே. அவர் சொன்னால்தான் மருத்துவர் விழிப்படைவார். "தொடுவதும் இழுப்பதும் தெரியும், கூர்மையான வலி இராது. வலித்தால் உடனே கூறுங்கள், மேலும் மருந்திடுவோம்" என்று முன்னரே சொல்லிவைத்தால் அவர் தயங்காமல் பேசுவார். தைத்து முடிக்கும் முன், "ஒருமுறை இருமுங்கள்" என்று கேட்டுத் தையலின் உறுதியையும் சோதிக்கலாம். கற்பிப்பவரும் "அங்கே வேண்டாம்" என்று பதறாமல், "சற்று நிறுத்துங்கள், நான் காட்டுகிறேன்" எனலாம். பயிற்சியும் குன்றாது; படுத்திருப்பவரும் அஞ்சார்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பில் இன்று அமர்ந்திருக்கும் மாணவர் நாளை தாதியாகவோ மருத்துவராகவோ ஒரு தமிழ் முதியவரின் அருகில் நிற்கக்கூடும். மரப்புக்கும் மயக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை இன்றே அவருக்குக் கற்பியுங்கள்.