தொண்டை அடைப்பானும் நம் குழந்தைகளும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் மருத்துவன் அல்லன்; பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரிபவன். எனினும், படித்தறிந்த செய்தி ஒன்றைத் தகப்பன் என்ற முறையில் உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

நம் பெங்களூரின் விக்டோரியா மருத்துவமனையை அறியாதார் இல்லை. விக்டோரியா மகாராணியாரின் அறுபதாண்டு ஆட்சி நினைவாக 1897-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1900 டிசம்பரில் கர்சன் பிரபு அதனைத் திறந்து வைத்தார். அந்த மகாராணியாரின் குடும்பத்தையே 'டிப்தீரியா' எனும் தொண்டை அடைப்பான் நோய் வாட்டியது. 1878 நவம்பரில், ஜெர்மனியில் வாழ்ந்த அவர் மகள் ஆலிஸின் இல்லத்தில் அந்நோய் புகுந்தது. பேத்தி மே 4 வயதில் மடிந்தாள். பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்த ஆலிஸும் டிசம்பர் 14 அன்று, தம் 35-ஆம் வயதில் மறைந்தார். பேரரசின் செல்வமெல்லாம் ஒரு குழந்தையின் மூச்சைக் காக்க உதவவில்லை.

இந்நோயில் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி உமிழும் நஞ்சு இதயத்தையும் நரம்பையும் தாக்கும். அக்கால மருத்துவமனைகளில், குழந்தையின் கழுத்தைக் கீறி மூச்சுக் குழாயினுள் வெள்ளிக் குழல் ஒன்றைச் செருகுவார்கள். அக்குழலும் சவ்வினால் அடைபடும். லண்டன் இராயல் ஃப்ரீ மருத்துவமனையின் இளம் மருத்துவர் சாமுவேல் ராபெத், 1884-இல் அவ்வாறு அடைபட்ட குழலைத் தம் வாயால் உறிஞ்சி ஒரு குழந்தையைக் காக்க முயன்றார். அந்நோயே அவரைப் பற்றிக்கொண்டது. சில நாட்களில் உயிர் துறந்தார். அன்று மருத்துவரிடம் இருந்த மருந்து அவருடைய உயிர் ஒன்றே!

1890-இல் பேரிங், கிடசாடோ என்னும் அறிஞர்கள் நஞ்சு முறிக்கும் சீரத்தின் ஆற்றலைக் கண்டறிந்தனர். 1894-இல் ரூ என்பார், குதிரையின் குருதியிலிருந்து எடுத்த சீரத்தைப் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் செலுத்தினார். அதுவரை ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளைக் கொண்டுபோன நோய், அதன்பின் நான்கில் ஒருவரையே கொண்டுபோயிற்று. ஆயினும், உடலின் அணுக்களில் ஏற்கெனவே பற்றிவிட்ட நஞ்சைச் சீரம் முறிக்காது. இன்றும் நாள் தாழ்த்தினால் ஆபத்தே. வருமுன் காப்பது தடுப்பூசி ஒன்றுதான்.

அன்பர்களே, இங்கேதான் நம் போன்ற குடிபெயர்ந்தோரின் குறை ஒன்று உள்ளது. பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் போடும் ஊசிகளை நாம் மறப்பதில்லை. ஒன்றரை வயதை ஒட்டியும், 5 முதல் 6 வயதுக்குள்ளும், பின்னர் 10, 16 வயதுகளிலும் போட வேண்டியவற்றை மறந்துவிடுகின்றோம். என் கதையும் அதுவே. இடமாற்றல் ஆகி இவ்வூருக்கு வந்தபோது பாத்திரம் பண்டமெல்லாம் எண்ணி ஏற்றினேன். மகளின் ஊசி அட்டையை மட்டும் எண்ணவில்லை. பள்ளியில் கேட்டபோது விழித்தேன். என் இல்லாள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அதனை எடுத்துக் கொடுத்தாள். 5 வயது ஊசிக்குரிய கட்டம் வெறுமையாய் இருந்தது. மகளுக்கோ அப்போது 6 வயது நிறையும் தறுவாய்! மறுநாளே ஊசி போட்டோம். ஆனால் அன்றிரவு நான் உறங்கவில்லை.

சரக்கு போனால் அதன் சீட்டும் உடன் போக வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. குழந்தைக்கு அவ்விதி இன்னும் பொருந்தும். ஆதலின், இன்றிரவு இல்லம் திரும்பியதும் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். கட்டம் ஏதேனும் வெறுமையாய் இருந்தால், 'வயது கடந்துவிட்டதே' என்று வாளாவிராமல் மருத்துவரை அணுகுங்கள். மகாராணியார்க்கும் கிட்டாத பேறு இன்று நம் தெருச் சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது. அதனை நம் மக்கள் இழக்கலாகாது.