செத்த பெட்டியும் ஓடுகிற பெட்டியும்



டிவிக்குப் பின்னால், ஒயர்களுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கும். ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்பார்கள், மீடியா பிளேயர் என்பார்கள். பழைய டிவியை ஸ்மார்ட் டிவி ஆக்கித் தருவது அதன் வேலை. டொராண்டோவிலும் லண்டனிலும் தமிழ்ச் சேனல் பார்ப்பதற்கென்றே இதை வாங்கி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. ஓரிரு வருடம் நன்றாக ஓடும். அப்புறம் மெனு நகர மறுக்கும், படம் திக்கித் திக்கி வரும். அப்டேட் கேட்கலாம் என்றால் பல பெட்டிகளில் தயாரித்த கம்பெனியின் பெயரே இருக்காது. அந்த நேரத்தில்தான் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை சொல்வான்: "வேற ஃபர்ம்வேர் போட்டா சரியாயிடும்பா."

ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள். பெட்டி கண் விழிப்பதிலிருந்து ரிமோட் பட்டனைப் புரிந்துகொள்வது வரை எல்லாமே அதன் பொறுப்பு. கம்பெனி கொடுத்ததை அழித்துவிட்டு வேறு யாரோ தயாரித்ததை அங்கே பதிப்பதைத்தான் ஃபிளாஷ் பண்ணுவது என்கிறோம். இது திருட்டுத்தனமான காரியம் ஒன்றும் அல்ல. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் கோடி என்ற இலவச மென்பொருளே, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியை ஆர்வலர்கள் மாற்றியமைத்துப் படம் பார்க்கப் பயன்படுத்தியபோது பிறந்ததுதான். எக்ஸ்பிஎம்சி என்று இருந்த பெயர் 2014-இல் கோடி ஆனது.

வேலை நடக்கிற விதத்தைப் பார்த்தால் ஆபத்தின் முதல் பாதி புரியும். ஆம்லாஜிக் சிப் போட்ட பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் ரீசெட் பட்டன் வெளியே தெரியாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் செருகும் ஏவி துளைக்குள் ஒளிந்திருக்கும். பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டு அதை அழுத்திப் பிடித்தபடி, கம்ப்யூட்டரோடு யூஎஸ்பி ஒயரால் இணைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஃபிளாஷ் செய்யும் மென்பொருள் திறந்திருக்கும். அதில் 'எரேஸ் பூட்லோடர்' என்று ஒரு சின்னக் கட்டம். பூட்லோடர்தான் பெட்டியை எழுப்பிவிடும் முதல் நிரல். அது அழிந்த பிறகு, புதியது பதிவதற்குள் கரண்ட் போனாலோ ஒயர் நழுவினாலோ முடிந்தது கதை. விளக்கு எரியாது, டிவியில் படம் வராது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'பிரிக் ஆயிடுச்சு' என்பார்கள்.

கரண்ட் போகாவிட்டாலும் பிரிக் ஆகலாம். எம்எக்ஸ்க்யூ புரோ என்ற ஒரே பெயரில், ஒரே மாதிரி உறையில் விற்கும் பெட்டிகளுக்குள் சிலவற்றில் ஆம்லாஜிக் சிப் இருக்கும், சிலவற்றில் ராக்சிப் இருக்கும். சிப் ஒன்றாகவே இருந்தாலும் நினைவக வகையும் வைஃபை சில்லும் மாறியிருக்கும். மேல் ஸ்டிக்கரை நம்பி ஃபைலை இறக்கியவருக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் வைஃபை மட்டும் போகும். இல்லையென்றால் பெட்டியே போகும். மூடியைக் கழற்றி போர்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் ஃபிளாஷ் செய்வது சூதாட்டம்தான்.

இன்னொரு நஷ்டம் பலருக்கு மறுநாள்தான் தெரியவரும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள், படம் திருடு போகாமலிருக்க கூகுளின் வைட்வைன் என்ற பூட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் எல்1 என்ற உயர்ந்த நிலைக்கான சாவி, அந்த நிலை பெற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகத் தொழிற்சாலையிலேயே பதியப்படுகிறது. எல்லாவற்றையும் அழித்து ஃபிளாஷ் செய்யும்போது அந்தச் சாவியும் அழிந்துபோகக்கூடும். பெட்டி எல்3 நிலைக்கு இறங்கிவிடும். 4கே டிவியில் 480பி தரத்தில் படம் பார்க்க வேண்டியதுதான். மாதச் சந்தா மட்டும் குறையாது.

இதுவரை சொன்னதெல்லாம் பெட்டியோடு போகிற நஷ்டம். உண்மையில் பெட்டி செத்துப்போனவர் ஒரு வகையில் தப்பித்தார். ஃபிளாஷ் வெற்றிகரமாக முடிந்து, பெட்டி முன்னைவிட வேகமாக, ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறதே, அந்த வீட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

காரணம் கையெழுத்து. பொறுப்பான கம்பெனி தன் ஃபர்ம்வேரில் தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையெழுத்துப் போடும். வேறு ஆள் தொட்ட ஃபைலைப் பெட்டி ஏற்காது. ஆனால் ஆண்ட்ராய்டை உருவாக்குபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு சாவித் தொகுப்பு பொதுவெளியில் எல்லோருக்கும் கிடைக்கிறது. டெஸ்ட் கீஸ் என்று பெயர். மலிவுப் பெட்டிகள் பலவும் அந்தச் சோதனைச் சாவியோடேயே கடைக்கு வந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட பெட்டியில் யார் வேண்டுமானாலும் தன் ஃபைலை 'அதிகாரபூர்வ' அப்டேட் போலவே நுழைக்கலாம். செட்டிங்ஸில் அபவுட் பக்கத்துக்குப் போய் பில்ட் நம்பர் வரியைப் பாருங்கள். அதன் கடைசியில் 'டெஸ்ட்-கீஸ்' என்று இருந்தால் உங்கள் பெட்டியும் அந்த வகைதான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 செப்டம்பரில் ரஷ்யாவின் டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் பண்டோரா என்ற நச்சு நிரலைப் பற்றி எழுதியது. அது டிவி பெட்டிகளுக்குள் நுழைய இரண்டு வழிகள்: ஒன்று, திருட்டுப் படம் காட்டும் ஆப்கள், மற்றொன்று, இந்தச் சோதனைச் சாவியில் கையெழுத்திட்டு இணையத்தில் போட்டுவைத்த ஃபர்ம்வேர் அப்டேட்கள். குறி வைக்கப்பட்டவற்றில் டேனிக்ஸ் டிஎக்ஸ்6, எச்96 மேக்ஸ் எக்ஸ்3 போன்ற பிரபலமான மலிவுப் பெட்டிகள் இருந்தன. உள்ளே போன நிரல், கட்டளை வந்ததும் ஏதாவதொரு இணையதளத்தை மற்றப் பெட்டிகளோடு சேர்ந்து தாக்கி முடக்கும். வீட்டுக்காரர் சோபாவில் படம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த ஆண்டு அதே நிறுவனம் வாய்ட் என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தது. ஆண்ட்ராய்டில் வோல்ட் என்று முறையான ஃபைல் ஒன்று உண்டு. அதன் ஆங்கில எழுத்துகளில் ஒன்றை மாற்றி அதே போலத் தோன்றும் பெயரில் இது ஒளிந்திருந்தது. 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் பெட்டிகள் பாதிக்கப்பட்டிருந்தன. எப்படி நுழைந்தது என்பதற்கு டாக்டர் வெப் சொன்ன சாத்தியங்களில் ஒன்று, ரூட் அனுமதியோடு வரும் அதிகாரபூர்வமற்ற ஃபர்ம்வேர். ரூட் என்றால் பெட்டியின் மீது முழு அதிகாரம். ஃபிளாஷ் செய்கிறவர்கள் ஆசையாகத் தேடுவதும் அதைத்தான் என்பது இதில் உள்ள வேடிக்கை.

சரி, கடையில் வாங்கியபடியே, கை வைக்காமல் வைத்துக்கொண்டால் போதுமா? பெயரில்லாத பெட்டிகளில் அதுவும் உத்தரவாதம் இல்லை. 2023 ஜனவரியில் டேனியல் மிலிசிக் என்ற கணினி வல்லுநர், அமேசானில் வாங்கிய டி95 என்ற புத்தம்புதுப் பெட்டிக்குள்ளேயே நச்சு நிரல் இருந்ததை வெளியிட்டார். அதன் ஆண்ட்ராய்டும் சோதனைச் சாவியில் கையெழுத்தானதுதான். தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் பேட்பாக்ஸ் என்ற பெரிய வலையமைப்பு வெளிப்பட்டது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் அந்நாட்டில் மட்டும் இப்படிப்பட்ட 30,000 வரையிலான கருவிகளில் இருந்த நச்சு நிரலின் வெளித்தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூலையில் கூகுள் நியூயார்க் நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், அதன் அடுத்த வடிவமான பேட்பாக்ஸ் 2.0 வலையில் சிக்கிய கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் என்றது.

இந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்? உங்கள் படுக்கையறைப் பேச்சை ஒட்டுக்கேட்பதில் அவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது உங்கள் வீட்டு இணைய முகவரி. எங்கோ உட்கார்ந்திருக்கும் மோசடிக்காரர் உங்கள் பெட்டி வழியாக இணையத்துக்குள் நுழைவார். களவாடிய கார்டு எண்ணை முயன்று பார்ப்பதும், போலிக் கணக்குகள் திறப்பதும் உங்கள் முகவரியிலிருந்து நடந்ததாகத்தான் பதிவாகும். அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களுக்கு விடுத்த எச்சரிக்கை இதைப் பற்றியதுதான். கூகுள் பிளே புரொடெக்ட் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் எந்தக் கருவியும் சந்தேகத்துக்குரியது என்று அது குறிப்பிட்டது. 

இப்படிச் சொல்வதால் எல்லா மாற்று ஃபர்ம்வேரும் விஷம் என்று ஆகிவிடாது. லிப்ரெலெக், கோர்எலெக் போன்றவை நிரலை வெளியில் வைத்து, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி நடத்தப்படும் திட்டங்கள். பெட்டியின் உள் நினைவகத்தைத் தொடாமல் மெமரி கார்டிலிருந்தே இவற்றை இயக்கலாம். பிடிக்காவிட்டால் கார்டை உருவிவிட்டால் பழைய ஆண்ட்ராய்டு வந்துவிடும். ஃபிளாஷ் செய்யும் ஆசை உள்ளவர்கள் இங்கே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். பெயர் தெரியாத ஒருவர், 'வேகமானது, விளம்பரமில்லாதது' என்று டெலிகிராம் குழுவில் போட்ட ஒரு ஜிபி ஃபைல் இந்த வகையில் சேராது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே வெளிச்சம். சில சமயம் அவருக்கே தெரியாது. வேறொருவர் போட்டதை எடுத்துத் தன் பெயரை ஒட்டியிருப்பார்.

ஏற்கெனவே ஃபிளாஷ் செய்துவிட்டுச் சந்தேகத்தில் இருப்பவர்கள் முதலில் தேடுவது ஃபேக்டரி ரீசெட். அது நீங்கள் சேர்த்த ஆப்களையும் கணக்குகளையும் மட்டும் துடைக்கும். சிஸ்டம் பகுதியில் குடியிருப்பது அப்படியே இருக்கும். சுவருக்கு வெள்ளையடித்தால் அஸ்திவாரத்துக் கரையான் போகுமா? கம்பெனியின் அசல் ஃபர்ம்வேர் நம்பகமான இடத்தில் கிடைத்தால் அதை மறுபடி பதிக்கலாம். கிடைக்காத பெட்டிகளுக்கு ஜெர்மானிய அலுவலகம் தன் மக்களுக்குச் சொன்ன வழிதான் உண்டு: இணையத்திலிருந்து பிரித்துவிடுவது, அல்லது பயன்படுத்துவதையே நிறுத்துவது. பென் டிரைவில் இருக்கும் பழைய பாட்டுகளையும் கல்யாண வீடியோவையும் பார்க்க, இணையம் இல்லாமலும் அந்தப் பெட்டி ஓடும். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிடுங்கள், அது பெட்டிக்குத் தெரியும்.