கயிறு மைத்துனன் கையில்!

நடுவர் அவர்களே! முத்துநகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஓவரை இழுத்தடிக்கிற அணியைத் திருத்துவது அபராதமா, புள்ளிக் குறைப்பா? புள்ளிக் குறைப்பே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு 90 ஓவர் கணக்கு. 81 ஓவரோடு ஆட்டத்தை முடிச்சா என்ன அர்த்தம்? ஒரு கிலோ சீனிக்குக் காசு வாங்கிட்டு 900 கிராம் போட்ட மாதிரி! நம்ம தாய்மார்கள் சும்மா விடுவாங்களா? (சிரிப்பு)

எதிரணி அம்மா கேட்டாங்க: "நம்ம துறைமுகத்துல கப்பல் தாமதமானா டெமரேஜ்னு பணம்தானே கட்டுறோம்?" அம்மா, வியாபாரி கப்பல் விடுவது பணத்துக்காக, பணம் போனா அவனுக்கு வலிக்கும். டெஸ்ட் ஆடுவது வெற்றிக்காக. அங்கே அடிச்சாத்தானே வலிக்கும்?

2020 டிசம்பர், மெல்போர்ன். இந்தியாவோடு ஆடிய ஆஸ்திரேலியா 2 ஓவர் குறைவாகப் போட்டது. சம்பளத்தில் 40 சதவீதம் அபராதம். ஓவருக்கு 2 வீதம் 4 புள்ளியும் போச்சு. அபராதம் இன்றைக்கு யாருக்காவது ஞாபகம் இருக்கா? ஆனால் அந்த 4 புள்ளி? கடைசியில் நியூசிலாந்து 70 சதவீதம், ஆஸ்திரேலியா 69.2! 2021 உலக டெஸ்ட் இறுதிப் போட்டிக்கு நியூசிலாந்து போனது; இந்தியாவை வென்று கோப்பையையும் தூக்கியது. ஆஸ்திரேலியா டி.வி.யில் பார்த்தது! (கைதட்டல்)

இந்தக் கடற்கரைக்கு இது புதுசா? முத்துக் குளிக்கப் போனவன் இடுப்புக் கயிற்றை யார் கையில் கொடுத்தான் என்று சொல்வார்கள்? மனைவியின் உடன்பிறந்தவன் கையில்! கூலிக்கு வந்தவன் அசந்தால் ஒரு நாள் கூலிதான் போகும். மைத்துனன் அசந்தால் கூடப் பிறந்தவள் தாலி போகும். அதனால்தான் அவன் கண் கயிற்றை விட்டு நகராது. இழப்பு நமக்கு உயிரானதாக இருந்தால்தான், ஐயா, நேரம் தவறாது!

2025-இல் டெஸ்டுக்கும் கடிகாரம் வைத்துவிட்டார்கள். ஒரு ஓவர் முடிந்தால் 60 விநாடிக்குள் அடுத்ததற்குத் தயாராகணும். இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது தடவை எதிரணிக்கு 5 ரன். பாருங்கள், அங்கேயும் பணமல்ல, ரன்! கடலுக்கடியில் மூச்சடக்கியவனுக்குத் தெரியும், ஒரு நிமிஷத்தின் விலை.

ஆகவே, பையில் கை வைக்காதீர்கள், புள்ளியில் கை வையுங்கள் என்று கூறி, தீர்ப்பை எங்கள் பக்கம் எதிர்பார்த்து அமர்கிறேன்.