ஏற்றத்திற்கு ஏற்ற வண்டி

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் புகைவண்டிக்கு ரம்புக்கனை ஓர் எல்லைக் கல். அதுவரை இரட்டைப் பாதையில் எளிதாக ஓடிவரும் வண்டி, அங்கிருந்து ஒற்றைப் பாதையில் கடுகண்ணாவை மலையை நோக்கி ஏறத் தொடங்குகிறது. 45 அடி முன்னே சென்றால் ஓரடி உயரவேண்டும் என்னும் அளவுக்கு அந்த ஏற்றம் கடியது. 1867ஆம் ஆண்டில் கண்டிப் பாதை திறக்கப்பட்ட பின்னர் நெடுங்காலம், பாரம் மிகுந்த வண்டிகளுக்குத் துணை இயந்திரம் ஒன்றைப் பூட்டியே மலைக்கு அனுப்பினார்கள். சமதரையில் வலிமையுடையதாகத் தோன்றுவது ஏற்றத்தில் என்னவாகும் என்று முன்னரே எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அவ்வூர் புகைவண்டியிடமிருந்து கற்ற பாடம். இன்று அவ்வூரில் சொந்தமாக மோட்டார் வண்டி வாங்க நினைக்கும் குடும்பத்திற்கும் அதே பாடம் பயன்படும்.

நேயர்களே, இலங்கையில் மோட்டார் வண்டி வாங்குவது இக்காலத்தில் சிறு செயல் அன்று. 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கதவு மூடியே கிடந்தது. இடையில் 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தது. பழைய வண்டிகளும் புது வண்டிகளின் விலைக்கு உயர்ந்தன. 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடியும் திறந்தபோது, உள்ளே வந்த வண்டிகளின் விலை பலருக்கு வீடு கட்டும் செலவாக இருந்தது. ஓர் ஆசிரியர் தம்பதியர் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேமிப்பும், அதற்கு மேல் லீசிங் கடனும் ஒரே கையெழுத்தில் போய்விடக்கூடும். ஆகவே இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பொழுதுபோக்கு அன்று. குடும்பத்தின் அடுத்த பத்து ஆண்டுகளை நிறுத்துப் பார்ப்பதாகும்.

இத்தகைய குடும்பங்களின் பேச்சில் இன்று அடிக்கடி அடிபடும் சொல் சிறிய குரொஸ்ஓவர் என்பது. ஜீப்பைப் போல உயர்ந்து நிற்பது. ஆனால் உள்ளமைப்பில் காரே ஆவது. பழைய ஜீப்பின் தனிச் சட்டம் இதற்கு இல்லை. பெரும்பாலானவற்றில் முன் சில்லுகள் மட்டுமே இயங்கும். தோற்றத்தைக் கண்டு, சேற்றிலும் பாறையிலும் ஏறும் என்று நம்பினால் ஏமாற்றமே எஞ்சும். பள்ளம் விழுந்த தோட்டப் பாதையில் அடித்தட்டு இடிபடாமல் செல்வதற்கும், முதியோர் குனியாமல் ஏறி இறங்குவதற்கும் இது உதவும். அவ்வளவே இதன் பெருமை. அதுவும் சிறு பெருமை அன்று.

இவ்வகையில் இலங்கையர் பெரிதும் ஒப்பிடும் இரண்டு ஜப்பானிய வண்டிகள் டொயோட்டா ரைஸும் ஹொண்டா வெசலும் ஆகும். ரைஸ் 2019 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. டொயோட்டாவின் பெயரைத் தாங்கினும் அதைச் செய்வது டைஹட்சு நிறுவனம். வெசலின் முதல் தலைமுறை 2013 டிசம்பரிலும், இரண்டாந் தலைமுறை 2021 ஏப்ரலிலும் வந்தன. ரைஸின் நீளம் 3995 மில்லிமீற்றர், அகலம் 1695. புதிய வெசலின் நீளம் 4330, அகலம் 1790. அகலத்தில் வேறுபாடு நான்கு விரற்கடை என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் மாவனல்லைப் பக்கமிருந்தோ ஹெம்மாத்தகமைப் பக்கமிருந்தோ கிளைவிட்டு இறப்பர்த் தோட்டங்களுக்குள் நுழையும் பாதைகளை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான். எதிரே கொழுந்து லொறியோ முச்சக்கர வண்டியோ வந்துவிட்டால் அந்த நான்கு விரற்கடையே வழி. ரைஸ் ஏறக்குறைய 5 மீற்றர் ஆரத்தில் திரும்பிவிடும். வெசலுக்கு, சில்லின் அளவைப் பொறுத்து, 5.3 முதல் 5.5 மீற்றர் வேண்டும். கொண்டைஊசி வளைவில் ஒரே முறையில் திரும்புவதற்கும் பின்னே எடுத்துத் திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். மறுபுறம், நெடும் பயணத்தில் பின்னிருக்கையில் மூவர் தோள் இடிபடாமல் அமர வேண்டுமானால் வெசலின் அகலம் நன்மையாகிறது. குறையும் நிறையும் ஒரே அளவிலிருந்தே பிறக்கின்றன.

இனி இயந்திரம். ரைஸின் டர்போ இயந்திரம் 996 கன சென்டிமீற்றர் கொள்ளளவுடையது. வெசலின் இயந்திரம் 1496. ஆயிரத்திற்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நான்கு நான்கு குறைவாக இவை நிற்பது தற்செயல் அன்று. ஜப்பானின் ஆண்டு வாகன வரி அந்த எல்லைகளில்தான் படியேறுகிறது. இலங்கையின் உற்பத்தி வரியும் அவ்வாறே. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது வந்த ஒழுங்கின்படி, ஒவ்வொரு கன சென்டிமீற்றருக்கும் இவ்வளவு ரூபா என்று வரி விதிக்கப்பட்டது. கொள்ளளவு ஒரு படியைத் தாண்டினால் அந்த வீதமும் உயரும். பெற்றோலோடு மின்சாரமும் சேர்ந்த ஹைபிரிட் வண்டிக்கு வீதம் குறைவு. இவற்றுக்கு மேல் நூற்றுக்கு 18 வீதம் பெறுமதி சேர் வரி. ஆகவே வாங்குபவர் ஓர் உண்மையை மறத்தலாகாது. பெரிய வண்டிக்கு அதிகமாகக் கொடுக்கும் பணம் முழுவதும் நல்ல இரும்பாகவும் மெத்தையாகவும் திரும்பி வருவதில்லை. அதில் பெரும்பங்கு திறைசேரிக்குச் செல்கிறது. இரு மடங்கு விலை இரு மடங்கு தரம் என்னும் கணக்கு இந்நாட்டில் பொருந்தாது.

எரிபொருளைச் சேமித்து அந்தப் பணத்தை மீட்டுவிடலாம் என்று சிலர் வாதிடுவார்கள். கணக்கிட்டுப் பார்க்கலாம். ஜப்பானின் சோதனை அளவின்படி நாற்சில்லு இயக்க ரைஸ் லீற்றருக்குச் சுமார் 17 கிலோமீற்றரும், ஹைபிரிட் வெசல் சுமார் 25 கிலோமீற்றரும் ஓடும். உண்மைப் பாதையில் இரண்டுமே குறையும். ஒப்பிடுவதற்கு அவ்வெண்களே போதும். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்திற்கு ரைஸ் 59 லீற்றர் குடிக்கும்; வெசல் 40 லீற்றர். மாதத்திற்கு 19 லீற்றர், ஆண்டுக்கு 228 லீற்றர் மிச்சம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஆண்டு மிச்சம் 68,400 ரூபா. இரு வண்டிகளுக்கும் இடையே விலை வேறுபாடு 40 இலட்சம் என்று கொண்டால், அதை மீட்க ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். வண்டியும் அவ்வளவு காலம் இராது, வாங்கியவரும் ஓட்டிக்கொண்டிருக்கமாட்டார்.

ஆயினும் இக்கணக்கை இத்துடன் முடிப்பது ரம்புக்கனைக்கு நியாயமாகாது. பெற்றோல் என்பது விலை மட்டும் அன்று, கிடைக்குமா என்னும் கேள்வியும் ஆகும் என்பதை அவ்வூர் போல் அறிந்த ஊர் இல்லை. 2022 ஏப்ரல் 19ஆந் திகதி, எரிபொருள் கேட்டு ரயில் பாதையை மறித்து நின்ற மக்கள்மீது அங்கே பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர், ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் வந்த பங்கீட்டு முறையில், காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர் என வரையறுக்கப்பட்டது. அத்தகைய நாளில் 20 லீற்றரில் ஒரு வண்டி 340 கிலோமீற்றரும் மற்றொன்று 500 கிலோமீற்றரும் செல்லும். விலைக் கணக்கில் தோற்ற வெசல், பஞ்சக் கணக்கில் வெல்கிறது. கேகாலைக்கும் பின்னவலைக்கும் இடையே நாளைக் கழிக்கும் குடும்பத்திற்கு 340 கிலோமீற்றரே தாராளம். நாள்தோறும் கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று திரும்பவேண்டியவருக்குத்தான் அந்த வேறுபாடு உயிர்நாடியாகும்.

மலை என்ன சொல்லுகிறது? நாற்சில்லு ரைஸின் எடை ஏறத்தாழ 1050 கிலோ; ஆற்றல் 98 குதிரைவலு. ஐவர் ஏறினால் 300 கிலோ கூடும்; அது வண்டியின் எடையில் கால் பங்கிற்கும் மேல். தனியாக ஓட்டிப் பார்க்கும்போது துள்ளிச் செல்லும் வண்டி, குடும்பம் முழுவதும் ஏறிய பின் கடுகண்ணாவையில் உறுமத் தொடங்கும். டர்போ கைகொடுக்கும், ஆனால் முச்சிலிண்டர் இயந்திரத்தின் அதிர்வும் ஒலியும் தெரியாமற் போகா. வெசல் 1350 கிலோவைத் தாண்டும். எனினும் 131 குதிரைவலுவுள்ள மின்மோட்டார் தொடக்கத்திலேயே முழு இழுவையைத் தருவதால் ஏற்றத்தில் தளராது. இறக்கத்தில் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, வேகத்தை மின்சாரமாக மின்கலத்தில் சேர்க்கும். பிரேக் கட்டைகளுக்கு அவ்வளவு வேலை குறையும். ரைஸை ஓட்டுபவர் தாழ்ந்த கியரில் இறங்கி, இயந்திரத்தையே தடையாகப் பயன்படுத்தப் பழகவேண்டும். மழைக்காலச் செம்மண்ணில் நாற்சில்லு இயக்கம் ரைஸுக்கு ஒரு துணை. 2021 நவம்பருக்குப் பின் ஜப்பானில் இந்த டர்போ இயந்திரம் நாற்சில்லு வகைக்கே உரியதாயிற்று. ஆனால் 2016 மே மாதத்து அரநாயக்க மண்சரிவையும், 2025 நவம்பரின் டிட்வா புயலையும் கண்ட மாவட்டத்தார்க்கு ஒன்றைச் சொல்லத் தேவையில்லை: நிலமே சரியும் நாளில் எந்தச் சில்லும் உதவாது. அன்று புறப்படாமல் இருப்பதே சிறந்த ஓட்டுதல்.

பெரிய பெயர் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. முதல் தலைமுறை ஹைபிரிட் வெசலைக் கியர் அமைப்பின் மென்பொருட் குறைக்காக ஹொண்டா 2014இல் திருத்தத்திற்குத் திரும்ப அழைத்தது. ரைஸ் ஹைபிரிட் வகையின் பக்கமோதற் சோதனையில் முறைகேடு நடந்ததை 2023 மே மாதத்தில் டைஹட்சுவே ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் தன் எல்லா வகை வண்டிகளின் அனுப்புதலையும் நிறுத்தியது. அரசின் சோதனைக்குப் பின்னர் படிப்படியாக மீண்டும் தொடங்கியது. இவை அஞ்சி ஓடுவதற்கான செய்திகள் அல்ல, கேட்டறிவதற்கான செய்திகள். சட்டக எண்ணைக் கொண்டு, திருத்த அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று பார்க்கலாம். ரீகண்டிஷன் வண்டியானால், ஜப்பானிய ஏலத் தாளைக் கேட்டு வாங்கவேண்டும். அதில் 4, 4.5 போன்ற எண்ணுக்குப் பதிலாக ‘ஆர்’ என்னும் எழுத்து இருந்தால், அது மோதிப் பழுதுபார்க்கப்பட்ட வண்டி. தாள் காட்ட மறுப்பவரிடம் விலை பேசவே வேண்டாம்.

யானை வாங்கி அங்குசம் வாங்க முடியாமற் போன கதை நம் முன்னோர்க்குத் தெரியும். வண்டியோடு காப்புறுதியும், நான்கு டயர்களும், ஹைபிரிட் ஆனால் ஒருநாள் மின்கலமும் வாங்கவேண்டி வரும். அதற்கான பணத்தைத் தனியே வைத்த பின் கையில் எஞ்சுவதே உண்மையான விலை வரம்பு. லீசிங் தவணை, வீட்டு வருமானத்தின் நெஞ்சில் ஏறி அமருமானால் எந்த வண்டியும் சுமையே.

ஆகவே தீர்ப்பு இரு வகைப்படும். ஒடுங்கிய பாதை, குறுகிய பயணம், அளவான வருமானம் உடையவர்க்கு ரைஸ் போதுமானது. மிச்சப் பணம் பிள்ளைகளின் கல்விக்கு ஆகும். நாள்தோறும் நெடும்பாதை, எப்போதும் ஐவர், கடனின்றித் தாங்கும் வசதி ஆகிய மூன்றும் உள்ளவர்க்கே வெசல் பொருந்தும். இரண்டையும் கடைவாசலில் ஓட்டிப் பார்த்தால் போதாது. வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஒருமுறை மலை ஏறி, ஒருமுறை தோட்டத்துப் பாதையில் திரும்பிப் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டார் என்ன வாங்கினார் என்னும் கேள்விக்கு அந்தப் பாதையில் இடமில்லை. அங்கே ஓடப்போவது பக்கத்து வீட்டாரின் வண்டி அன்று.