பருந்தின் உடலில் மருந்துக்குச் சாகாத கிருமி: குற்றவாளி யார்?

(அச்சங்குளம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2021 பிப்ரவரி 12-ஆம் தேதியை அச்சங்குளம் மறக்காது. பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்ட உழைப்பாளிகள் மாண்டார்கள். தீக்காயம் பட்டவருக்கு நெருப்பு முதல் எதிரி. கிருமி இரண்டாவது எதிரி. வெந்த தோல் வழியே கிருமி புகுந்து இரத்தத்தில் கலந்தால் உயிர் போகும். அதைத் தடுக்கும் ஆயுதம் ஆன்டிபயாடிக் மருந்து. அந்த ஆயுதம் இன்று மழுங்கி வருகிறது. அதனால்தான் இதை இங்கே பேசுகிறோம்.

மருந்துக்குச் சாகாத கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் மட்டும் இல்லை. வனத்துப் பிராணிகளிடமும் பறவைகளிடமும் இருக்கின்றன. ஜெர்மனியில் ஒரு கரும்பருந்திடம் அத்தகைய சால்மோனெல்லா கிருமி இருந்ததை விஞ்ஞானிகள் 2013-இல் வெளியிட்டார்கள். நம் நாட்டு வானில் வட்டமிடும் அதே இனப் பருந்துதான். அக்கிருமி பூண்டிருந்த கவசத்தின் பெயர் என்.டி.எம்-1. வேறு மருந்து பலிக்காதபோது டாக்டர்கள் கையிலெடுக்கும் கார்பபெனெம் மருந்தையே அது முறித்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற விஞ்ஞானிகளும் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இதே கவசம் காணப்பட்டது.

பருந்து மருந்துக் கடைக்குப் போனதுண்டா? மாத்திரை விழுங்கியதுண்டா? இல்லை! அது குப்பைமேட்டிலும் சாக்கடை ஓரத்திலும் இரை தேடுகிறது. மனிதன் கொட்டிய கழிவிலுள்ள கிருமி அதன் குடலில் குடியேறுகிறது. ஒரு கிருமி தன் கவசத்தை வேறு கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கும். சிறகுள்ள பிராணிக்கு எல்லைக்கோடு ஏது?

"கூலிக்காரன் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறான், அதனால்தான் இந்தக் கேடு" என்று நம்மீது பழி போடுகிறார்கள். உண்மை என்ன? ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரை, ஸ்வீடன் விஞ்ஞானி லார்சன் குழுவினர் பரிசோதித்தார்கள். 2007-இல் முடிவு வெளியாயிற்று. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்! அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இராது. ஒரே நாளில் வெளியேறியது 44 கிலோ. ஸ்வீடன் தேசம் முழுவதும் ஐந்து நாளில் உட்கொள்ளும் அளவு அது. அந்த நீரில் எளிய கிருமி சாகும். கவசம் பூண்ட கிருமி பெருகும். இதைக் கூலிக்காரனா கொட்டினான்? லாபத்தை முதலாளி எடுத்துக்கொள்கிறான். நஞ்சை ஆற்றுக்கும் ஏரிக்கும் விடுகிறான்.

மத்திய சர்க்கார் என்ன செய்தது? ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டி 2020 ஜனவரியில் நகல் விதி வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்த வரம்பைக் காணோம்! ஆனால் கோழிக்கும் கால்நடைக்கும் கொலிஸ்டின் மருந்து கொடுப்பதை 2019-இல் இதே சர்க்கார்தான் தடை செய்தது. ஆகவே, மனமிருந்தால் செய்ய முடியும்.

நம் கோரிக்கைகள் மூன்று. மருந்து ஆலைக் கழிவுக்குச் சட்டப்படி வரம்பு வேண்டும். ஆஸ்பத்திரிக் கழிவும் சாக்கடையும் சுத்திகரிக்கப்படாமல் கண்மாயில் கலக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் முழு அளவு மருந்தும் எந்நாளும் இருக்க வேண்டும்.

நம் கடமையும் உண்டு. சளிக்கும் காய்ச்சலுக்கும் கடைக்காரரிடம் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள்.

நாளை நம் பிள்ளைக்குக் காயம் பட்டால் மருந்து பலிக்க வேண்டும். அதற்காக ஆலையிலும் வயலிலும் இந்தக் கோரிக்கைகளைக் கொண்டு செல்வோம், தோழர்களே!