டிரெய்லரில் நெல்லும் தார்ப்பாயும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதைத் தேர்வு முதல் அறுவடை வரையில் ஒவ்வொரு கட்டத்திற்கும் சிபாரிசுகள் இருக்கின்றன. நாற்றங்காலுக்கு எவ்வளவு உரம், மேலுரம் எந்த நாளில், தண்ணீரை எப்போது வடிக்க வேண்டும் என்று நாங்கள் ஓயாமல் சொல்லி வருகிறோம். ஆனால் களத்திலிருந்து கொள்முதல் நிலையம் வரை நெல் போகிற அந்த ஐந்து, பத்து கிலோமீட்டர் தூரத்தைப் பற்றி நாங்களும் அதிகம் பேசுவதில்லை, நீங்களும் அதிகம் கேட்பதில்லை. உழவியல் சொல்லிக் கொடுக்கிறவன் தார்ப்பாய் கட்டுவதைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று பின் வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். ஆனால் 110 நாள் பாடுபட்டு விளைவித்த குறுவை நெல்லை அரைமணி நேரப் பயணத்தில் நனைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்.

டெல்டாவில் குறுவை அறுவடை செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை வருவதும் அதே அக்டோபரில்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை ஈரப்பதமுள்ள நெல்லை எடுத்துக்கொள்கிறார்கள். 2022 குறுவையைப் போல மழை மிகுந்த ஆண்டுகளில் மத்திய அரசின் ஒப்புதலோடு இந்த வரம்பைத் தளர்த்தியதும் உண்டு. ஆனால் தளர்த்துவார்கள் என்று நம்பி நெல்லை ஏற்ற முடியாது.

இப்போது ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரமுள்ள டிரெய்லர் பெட்டியில் நெல்லைச் சமமாக நிரப்பினால் சுமார் 2 டன் பிடிக்கும். அந்த நெல்லை நீங்கள் நன்றாகக் காயவைத்து 16 சதவீத ஈரப்பதத்திற்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் 9 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது பெரிய மழையே அல்ல, சாதாரணமாக ஒரு கால்மணி, அரைமணி நேரம் பெய்கிற மழைதான். பெட்டியின் திறந்த பரப்பில் அது சுமார் 50 லிட்டர் தண்ணீராக விழுகிறது. அந்த 50 லிட்டரும் நெல்லில் ஊறினால் ஈரப்பதம் 18 சதவீதத்தைத் தொட்டுவிடும். உண்மையில் இதைவிட மோசமாகவே நடக்கும். தண்ணீர் எல்லா நெல்லிலும் சமமாகப் பரவாது. மேல் நெல் சொதசொதவென்று இருக்கும், அடி நெல் காய்ந்திருக்கும். அளக்கிறவர் எந்த இடத்தில் கை வைக்கிறாரோ அதுதான் உங்கள் நெல்லின் ஈரம்.

ஆதலால் மழை வருமோ வராதோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிராமல் மூடியே கிளம்ப வேண்டும். இதில் நமக்குள் கருத்து வேற்றுமை இராது. எப்படி மூடுவது என்பதில்தான் கவனக்குறைவு காண்கிறேன். தார்ப்பாயை மேலே விரித்து, நான்கு மூலையிலும் கயிறு கட்டி, காற்றில் படபடக்க ஓட்டிக்கொண்டு போகிற டிரெய்லர்களை அறுவடைக் காலத்தில் எந்தச் சாலையிலும் பார்க்கலாம்.

முதலில் தார்ப்பாயின் அளவு. நான் சொன்ன பெட்டிக்கு 15 அடிக்கு 12 அடி தார்ப்பாய் வேண்டும். பெட்டியின் மேல்வாயை மட்டும் மூடும் அளவுக்கு வாங்கினால், மழைநீர் விளிம்பு வழியாக உள்ளேதான் இறங்கும். பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு அடி தொங்கினால்தான் தண்ணீர் வெளியே சொட்டும். அதற்குமேல் தொங்கவிட்டால் சக்கரத்தில் சிக்கும்.

அடுத்து, நெல்லை நடுவில் மேடாகக் குவித்து, நான்கு பக்கமும் சரிவாக ஏற்றுங்கள். நடு பள்ளமாக இருந்தால் தார்ப்பாயின்மேல் தண்ணீர் தேங்கும். பெட்டியின் பாதிப் பரப்பில் இரண்டு அங்குலம் தேங்கினாலே ஏறக்குறைய 140 கிலோ பாரம். வளைவில் வண்டி திரும்பும்போது அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், தார்ப்பாயையும் இழுக்கும், தையல் விட்ட இடத்தில் அப்படியே நெல்லுக்குள் கொட்டும். மூட்டையாக ஏற்றுகிறவர்களும் நடு வரிசையில் ஒரு மூட்டை கூடுதலாக வைத்து முகடு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே தார்ப்பாய் போதாமல் இரண்டைச் சேர்த்து மூடுகிறவர்கள் எதை முதலில் விரிக்கிறீர்கள்? பின்பக்கத்துத் தார்ப்பாயை முதலில் விரித்து, முன்பக்கத்ததை அதன்மேல் இரண்டு அடி படியும்படி போட வேண்டும். கூரைக்கு ஓடு பாவுகிறவர் இறவாரத்திலிருந்து தொடங்கி மேலே போகிறார் அல்லவா, அதே முறைதான். மாற்றிப் போட்டால் எதிர்காற்று இடுக்கில் புகுந்து இரண்டையும் பிரித்துவிடும்.

இந்தக் காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேகம் இரு மடங்கானால் காற்றின் அழுத்தம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம் என்றால், 40 கிலோமீட்டரில் சுமார் 8 கிலோ. நீங்கள் 40-ல் போகும்போது எதிரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அது 60-க்குச் சமம், அதாவது 17 கிலோ. தளர்ந்த தார்ப்பாய்க்குள் இந்தக் காற்று புகுந்தால் அது பாய்மரம்போலப் புடைத்துக்கொள்ளும். புடைப்பதும் அடங்குவதுமாக நிமிடத்திற்குப் பலமுறை கயிற்றைச் சுண்டும். கண்ணி கிழிவதும் முடிச்சு அவிழ்வதும் இப்படித்தான். புதுத் தார்ப்பாய் ஒரே பருவத்தில் கந்தலாவதற்குப் பெரும்பாலும் வெயிலைவிட இந்தப் படபடப்பே காரணம் என்பது என் கருத்து. ஆகவே முன் ஓரத்தை முதலில், மிக இறுக்கமாகக் கட்டுங்கள். முன் ஓரத்தைப் பெட்டியின் முன்பலகைக்கு வெளியே மடித்துக் கீழே இழுத்துக் கட்டினால் காற்று புக வாயில்லை. அதன்பிறகு பக்கங்கள், கடைசியில் பின்பக்கம். மேலே குறுக்காக மூன்று கயிறாவது போட வேண்டும். பெட்டியின் கூர்மையான மூலைகளில் கிழிந்த சாக்கை மடித்துவைத்து அதன்மேல் தார்ப்பாயைப் போட்டால் உராய்ந்து ஓட்டை விழாது.

கயிற்றிலும் குணம் உண்டு. பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். நைலான் கயிறு நனைந்தால் சற்று நீளும். எதைக் கட்டினாலும் கிளம்பி இரண்டு, மூன்று கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குலுங்கியதில் நெல் அமர்ந்திருக்கும், கயிறு கட்டாயம் தளர்ந்திருக்கும். லாரிக்காரர்கள் கயிற்றின் நடுவில் ஒரு சுருக்கு எடுத்து, நுனியைக் கீழ்க் கொக்கியில் மாட்டி, மறுபடி அந்தச் சுருக்குக்குள் விட்டு இழுப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெறும் கைப்பலத்தைவிட மிகக் கூடுதலாக இறுக்கலாம், அவிழ்ப்பதும் சுலபம். உங்கள் ஊர் லாரி டிரைவரிடம் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். மீந்த கயிற்று நுனிகளைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். தொங்கும் நுனி சக்கரத்தில் சுற்றினால் தார்ப்பாய் முழுவதையும் கீழே இழுத்துவிடும்.

இனி நான் சொல்லப்போவது நெல்லைவிட முக்கியமானது. தார்ப்பாய் மூடிய டிரெய்லர் இருட்டில் ஒரு கரிய மேடு. பின்பக்கம் தொங்கும் தார்ப்பாய் சிவப்பு விளக்கையும் எதிரொளிப்பான் வில்லைகளையும் மறைத்துவிட்டால், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு அப்படி ஒரு வண்டி முன்னே போவதே தெரியாது. அவர் 60-ல் வருவார், நீங்கள் 15-ல் போவீர்கள். வெளிச்சம் பட்டுக் கண்டுகொள்வதற்குள் மோதிவிடுவார். அறுவடைக் காலத்து இரவு விபத்துகளில் பெட்டியின் பின்பலகையில் தலை மோதி இறந்தவர்கள் நம் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். ஆகவே கட்டி முடித்ததும் பத்து அடி பின்னால் போய் நின்று பாருங்கள். விளக்கும் வில்லையும் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் பின் ஓரத்தை மேலே மடித்துக் கட்டுங்கள். டிராக்டரிலிருந்து டிரெய்லருக்கு வரும் விளக்கு ஒயர் பல வண்டிகளில் அறுந்தே கிடக்கிறது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு மூட்டை நெல்லின் விலைகூட இல்லை. பின்பலகையிலும் பக்கங்களிலும் ஒளிரும் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். தார்ப்பாயின் பின் ஓரத்திலேயே ஒரு பட்டை தைத்துவிடுவது இன்னும் நல்லது.

வழியில் பழுதாகி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போவது பெரிய குற்றம். உளியால் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளைக் கயிற்றில் கட்டி டிரெய்லரிலேயே தொங்கவிட்டிருந்தால் கல் தேட வேண்டியதே இல்லை.

தார்ப்பாயின் முன் ஓரம் தொங்கி, இணைப்புக் கொக்கியையும் மறைத்துவிடுவதுண்டு. கொக்கியில் போடும் பின் கழன்று வராமல் அடியில் ஒரு பூட்டு ஊசி இருக்க வேண்டும். பல இடங்களில் அதற்குப் பதில் ஆணியோ கம்பியோ வளைத்து மாட்டியிருக்கிறார்கள். மூடுவதற்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள், ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். இரு சக்கர டிரெய்லரானால் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் கூடுதலாக இருக்க வேண்டும். பின்னால் கூடினால் கொக்கி மேலே தூக்கி டிராக்டரின் பின் சக்கரப் பிடிப்பைக் குறைக்கும். மிகவும் முன்னால் கூடினால் டிராக்டரின் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பேசாது. நெல் குலுங்கி இடம் மாறினாலும் தார்ப்பாய்க்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது. வண்டி ஓட்டும் விதத்தில்தான் தெரியும்.

டிராக்டரில் இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் இருப்பது உழவில் திரும்புவதற்காக. சாலைக்கு வரும்போது இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இல்லையெனில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி குறுக்கே திரும்பும், பின்னாலிருக்கும் 2 டன் அதைப் புரட்டிவிடும். ஆற்றுப்பாலம் ஏறி இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மூடிய தார்ப்பாயின்மேல் ஆட்களை உட்காரவைக்க வேண்டாம். அது வழுக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. களத்து வேலை முடிந்த பெண்கள் வீடு திரும்ப வேறு வண்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. அவர்களுக்கு ஒரு வேன் வாடகையையும் அறுவடைச் செலவில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வைக்கோல் ஏற்றுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை. தார்ப்பாயைவிட வலை நல்லது, உயரத்தைத் தாழ்ந்த மின்கம்பிக்கு அஞ்சி வையுங்கள்.

கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, மழை இல்லையென்றால் தார்ப்பாயைத் திறப்பது. வரிசையில் நிற்கும்போது நாள்கணக்கில் மூடியே வைத்திருக்கிறார்கள். அறுவடை இயந்திரத்திலிருந்து நேராகக் கொட்டிய நெல்லில் 20 சதவீதத்துக்குமேல் ஈரம் இருக்கக்கூடும். நெல் உயிருள்ளது, அது மூச்சுவிடும், வெப்பமும் நீராவியும் வெளிவிடும். இரவுக் குளிரில் அந்த ஆவி தார்ப்பாயின் அடியில் வியர்வையாகத் துளிர்த்து மீண்டும் நெல்லிலேயே சொட்டும். மழை பெய்யாமலே மேல் நெல் நனைந்திருப்பது இதனால்தான். ஓரிரு நாளில் குவியல் சூடேறி, பூஞ்சை பிடித்து, அரிசி மஞ்சளிக்கும். முழங்கை வரை குவியலுக்குள் கையைவிட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உடனே இறக்கிப் பரப்ப வேண்டும். மழை விடாமல் பெய்து திறக்க வழியில்லாவிட்டால், இரு பக்கங்களிலும் ஓரத்தைச் சற்று உயர்த்தி, கழி கொடுத்துக் காற்று குறுக்கே ஓட வழிசெய்யுங்கள்.

வீடு திரும்பியதும் தார்ப்பாயை உதறி, இருபுறமும் காயவைத்துச் சுருட்டுங்கள். ஈரத்தோடு மடித்தால் துணித் தார்ப்பாய் இற்றுவிடும், மடிப்பில் தங்கிய நெல்லுக்கு எலி வந்து ஓட்டை போடும். பரணில் கம்பி கட்டித் தொங்கவிட்டால் சம்பா அறுவடைக்கு அதே தார்ப்பாய் உதவும்.