பெட்டி பாதி, அறை பாதி

நரிக்குடிப் பக்கம் எந்த ஊரில் பொங்கல் வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. வாசலில் வந்து நின்றால் போதும். வேப்பமரத்து உச்சியில் மைக்செட்டுக்காரர் கட்டிவைத்த குழாய், கண்மாய்க்கு அந்தப் புறத்திலிருந்தே சொல்லிவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று நீளும் இந்த மானாவாரி பூமியில் ஒலியை மறிக்க உயர்ந்த கட்டடம் கிடையாது. மிளகாய்க் காட்டையும் பருத்திக் காட்டையும் தாண்டிப் பாட்டு அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும்.

அந்தக் குழாய்க்கு ஒரே வேலைதான்: தூரம் போக வேண்டும். ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால், நல்ல குழாய் 105 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும். ஆனால் தவிலின் தொப்பிப் பக்கத்து அடி அதில் கேட்காது. பாடகரின் மூச்சும் கேட்காது. நடுத்தர ஒலிகளை மட்டும் பொறுக்கி எடுத்து வீசி எறியும்.

இப்போது நம் ஊர்களில் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வீடு கட்டுகிறார்கள். வீட்டோடு, லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் வந்து இறங்குகிறது. அதே ஒரு வாட்டுக்கு இந்தப் பெட்டி தருவது 85 முதல் 90 டெசிபல்தான். விலை ஏறிவிட்டது, சத்தம் குறைந்துவிட்டது. ‘இதுக்கா இவ்வளவு காசு?’ என்று பெரியவர்கள் கேட்பதில் தப்பில்லை. பெட்டியைப் பிரித்து, டிவிக்கு இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டால், அந்தக் கேள்விக்குப் பதிலும் கிடைக்காது.

ஆள் பாதி, ஆடை பாதி என்போம். ஸ்பீக்கர் விஷயத்தில் பெட்டி பாதி, அறை பாதி. காசு கொடுத்து வாங்கியது முதல் பாதியைத்தான். மீதியை நாமே சம்பாதிக்க வேண்டும். அதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும், ஒரு அளவு நாடாவும், கூட ஒரு ஆளும் இருந்தால் ஆகும்.

முதலில் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925-ல் ஒரு ஸ்பீக்கரைப் பற்றி எழுதினார்கள். ஒரு காகிதக் கூம்பு, அதன் அடியில் செம்புக் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிக் காந்தம். பாட்டுக்கு ஏற்ப மின்சாரம் ஏறி இறங்கும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும். நூறு வருஷம் ஆகியும், இன்று விற்கிற பெரும்பாலான ஸ்பீக்கர்களின் அடிப்படை அதேதான். வித்தியாசமெல்லாம் கூம்பின் பொருளிலும், பெட்டியின் கட்டுமானத்திலும், எந்தச் சுரத்தை எந்தக் கூம்புக்கு அனுப்புவது என்று பிரித்துக்கொடுக்கும் சுற்றிலும் இருக்கிறது.

வானொலியில் பேசிக்கொண்டு வானொலிக்காரர்கள் செய்த ஸ்பீக்கரைச் சொல்லாமல் விட முடியாது. 1970-களில் லண்டன் பிபிசியின் பொறியாளர்கள், ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்தார்கள். எல்.எஸ். 3/5ஏ என்று பெயர். உயரம் ஒரு அடிதான். இன்றைக்கும் உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். அதன் பெருமை அதிர்வதில் இல்லை. மனிதக் குரலை மனிதக் குரலாகவே கொடுத்ததில் இருக்கிறது. நம் காது பிறந்த நாள் முதல் கேட்டுப் பழகியது பேச்சைத்தான். அதில் கொஞ்சம் பொய் கலந்தாலும் உடனே பிடித்துவிடும்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டில் இரண்டு பெட்டி இணைத்த ரேடியோவில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு பெட்டிக்கும் நேர் நடுவில் உட்காருங்கள். நான் ஒரே ஆள், ஒரே மைக்கில் பேசுகிறேன். என் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வர வேண்டும். அங்கே ஒருவர் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டால் இணைப்பு சரி. குரல் அறையெங்கும் கலைந்து, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல், அடிக்குரல் வற்றிப்போய்க் கேட்டால், ஒரு பெட்டியில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருக்கும். ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. செட்டை அணைத்துவிட்டு, அந்த ஒரு பெட்டியில் மட்டும் ஒயரை மாற்றிச் செருகுங்கள். செலவில்லாமல் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் இது. ஒயர் என்றதும் இன்னொன்று: ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயர் தேவையே இல்லை. பத்துப் பதினைந்து அடி தூரத்துக்குக் கனமான செம்பு ஒயர் போதும்.

அடுத்து, எங்கே வைப்பது? நரிக்குடியில் ரயில் ஏறினால் மானாமதுரை பக்கம்தான். அந்த ஊரில் வனையும் கடம் கச்சேரி மேடைகளில் பேர் பெற்றது. வித்வான் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து, சற்றே விலக்கி வாசிக்கும்போது ‘கும்’மென்று ஒரு ஆழமான நாதம் எழும். குடத்துக்குள் அடைபட்ட காற்று வில்லாகவும், கழுத்தில் இருக்கும் காற்று பாரமாகவும் இருந்து ஊசலாடுவதால் வருகிற நாதம் அது. உங்கள் புது ஸ்பீக்கரின் பின்னாலோ முன்னாலோ வட்டமாக ஒரு துவாரம் இருந்தால், அங்கே நடப்பதும் இதுவே. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த துராஸ் என்பவர் 1932-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கடத்தின் வாயை முழுதாக அடைத்தால் நாதம் கெடும் அல்லவா? துவாரம் பின்னால் உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் அந்தக் கதிதான்.

எனவே சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் இழுத்து வையுங்கள். சுவருக்கு நெருங்க நெருங்கத் தாழ்ந்த சுரம் வீங்கும். மூலைக்குப் போனால் இன்னும் வீங்கும். மிருதங்கம் தனித்தனி அடியாகக் கேட்காமல் ஒரே குமுறலாகிவிடும். பாட்டைப் போட்டுக்கொண்டே நாலு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். குமுறல் அடங்கி அடி தெளிகிற இடம் ஒன்று கிடைக்கும். அங்கே சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிடுங்கள். வீடு பெருக்கும்போது பெட்டி நகர்ந்தாலும் கவலையில்லை.

நீங்கள் உட்காரும் இடத்துக்கும் கணக்கு உண்டு. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள தாழ்ந்த ஒலி இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் அது மட்டும் காதை அடைக்கும். அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் அதே ஒலி காணாமல் போகும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் முன்னால் வருவது நல்லது. இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரம் ஒவ்வொரு பெட்டிக்கும் உங்களுக்கும் இடையே இருக்கட்டும். நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறையில் சிக்கல் இரட்டிப்பாகும். வீட்டில் இரண்டு அறை இருந்தால் நீளவாக்கில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

உயரத்தில் நம் ஊருக்கென்று ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேல்நாட்டார் சோபாவில் உட்கார்ந்து கேட்பார்கள் என்று நினைத்து ஸ்டாண்டு செய்கிறார்கள். நாமோ பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்காருகிறோம். நாற்காலியில் காது ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் இருக்கும். தரையில் என்றால் அதைவிடக் குறைவு. கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் காதுக்கு நேராக இருக்க வேண்டும். மேல் ஒலிகள் டார்ச் வெளிச்சம்போல் நேர்கோட்டில் வருகிறவை. ஆகவே பாயில் உட்கார்ந்து கேட்கிற வீட்டில் தணிவான, ஆடாத கல் பலகை ஒன்றே நல்ல ஸ்டாண்டு.

இனி அறையின் சுவர்கள். புது காங்கிரீட் வீட்டில் தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வழவழப்பு. நடுவில் நின்று பளிச்சென்று ஒரு தடவை கைதட்டுங்கள். ‘டிர்ர்’ என்று திரும்பி வந்தால், பாட்டிலும் அது கலக்கும். பாடகி ஒரு வரி முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது முந்தைய வரி இன்னும் அறையில் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்குப் பட்டணத்தில் விலை கொடுத்துப் பஞ்சுப் பலகை வாங்கி ஒட்டுகிறார்கள். நாம் இருப்பது பருத்திச் சீமை. தரையில் கனத்த ஜமுக்காளம், ஒரு ஓரம் பஞ்சு மெத்தை, பின்சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகப் பருத்தித் திரை. பாதி வேலை முடிந்தது.

மீதி பாதிக்கு ஒரு கண்ணாடி வேண்டும். நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். தம்பியையோ தங்கையையோ பக்கச் சுவரில் கண்ணாடியை வைத்து மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி சுவரில் பட்டு உங்களிடம் வருகிறது. அந்த இடத்தில் ஒரு கனத்த துணியைத் தொங்கவிடுங்கள். இரண்டு பக்கமும் செய்து முடித்ததும் பாட்டைப் போட்டால், வாத்தியங்கள் தனித்தனியாக இடம் பிடித்து உட்காரும்.

அறையை அறிந்தவர் ஸ்பீக்கர் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கொச்சியில் ரெத்ம் என்ற பெயரில் உயர்தர ஸ்பீக்கர் செய்கிற ஜேக்கப் ஜார்ஜ், கட்டடக் கலை படித்தவர். கொல்கத்தாவின் சோனோடைன் 1970-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. எல்லாமே வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். பழைய செட்டுகளில் ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதே உண்மையான அளவு. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது செலவாவது சில வாட்டுகளே.

வாட்டைவிட முக்கியம் எர்த். நம் கரிசலும் செம்மண்ணும் சித்திரை, வைகாசியில் வெடித்துக் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எர்த் சரியில்லாத வீட்டில் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஆபத்தும் உண்டு. நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழியைச் சோதித்து, உப்பும் கரியும் மாற்றச் சொல்லுங்கள். கரிக்கு இங்கே பஞ்சமா? சீமைக்கருவேலங் கரிமூட்டம் போடாத ஊர் இந்தப் பக்கம் எது? கோடையில் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பராமரிப்பு சுலபம். புழுதிக் காலத்தில் முன்துணியைக் கழற்றாதீர்கள். பின் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டப் பார்க்கும். கேட்காத நாட்களில் சின்ன வலைத்துணியால் மூடிவையுங்கள். கூம்பின் விளிம்பு ரப்பராக உள்ளதை வாங்குங்கள். பஞ்சுபோன்ற ஃபோம் விளிம்பு நம் வெப்பத்தில் சில வருஷங்களில் உதிர ஆரம்பிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு எப்போது கேட்பது? இங்கேதான் நரிக்குடிக்காரருக்கு ஒரு பெரும் சொத்து இருக்கிறது. சென்னையில் உயர்தர ஸ்பீக்கர் வைத்திருப்பவர் பஸ் இரைச்சலை வெளியே நிறுத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட வேண்டும். நமக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த அமைதி சும்மாவே கிடைக்கிறது. குழாய் ஒலிபெருக்கிகளுக்கும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதியில்லை. வெளியே சத்தம் இல்லையென்றால் பாட்டைக் கூட்டி வைக்கவும் தேவையில்லை. மெல்லிய ஒலிகள் தாமாகத் தெரியும். நமக்கு உள்ள ஒரே எதிரி தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். வெக்கையில் அதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகத்தைக் குறைத்தாவது வையுங்கள்.

முதலில் என்ன கேட்பது? நன்றாகத் தெரிந்த பாட்டு. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் சேர்ந்து வரும் பாட்டைப் போடுங்கள். ஜானகியின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்கிறதா? குரலும் நாகஸ்வரமும் ஒரே ஸ்வரத்தைத் தொடும்போதும் இரண்டையும் பிரித்துக் கேட்க முடிகிறதா? நாகஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது காது கூசுகிறதா? பிறகு இளையராஜாவின் 1986-ஆம் வருஷத்து ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு. வயலின்கள் இடமும் வலமும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்று பாருங்கள். கடைக்குப் போகும்போதும் இந்தப் பாட்டுகளையே எடுத்துப் போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு, அந்தப் பெட்டியின் குறை தெரியாத பாட்டாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு பரீட்சை. இதற்கு மீட்டர் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். சமையல் கட்டில் அம்மா இருக்கும்போது, வழக்கமான அளவைவிடச் சற்றே கூட்டிவைத்து முழுசாக நாலைந்து பாட்டுப் போடுங்கள். ‘சத்தத்தைக் குறைடா’ என்று குரல் வந்தால், ஒலி எங்கோ சிதைகிறது என்று அர்த்தம். பெட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள், துணியை இன்னும் ஒன்று தொங்கவிடுங்கள். ‘அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடு’ என்று வந்தால், கொடுத்த காசு வீண் போகவில்லை.